அப்பாவுக்கு எதிராக நான் கை தூக்கினேன்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறோம், நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, நன்றாக இருக்கவேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறேன். தங்கச்சிக்குப் பரீட்சை முடிந்துவிட்டது, குளியலறைக் குழாய் ஒழுகுவது நின்றுவிட்டது, நல்ல செய்தி இவ்வளவுதான். இனி வருவதை உட்கார்ந்து படி. போனில் சொன்னால் பாதியில் மீட்டிங் இருக்கிறது என்று வைத்துவிடுவாய், காகிதத்தை அப்படி வைக்க முடியாது என்பதால்தான் எழுதுகிறேன்.

ஏம்மா சபையில் எல்லார் முன்னாலும் அப்பாவை அவமானப்படுத்தினாய் என்று செய்தி அனுப்பியிருந்தாய். ஒரே வரி. நடந்தது என்ன என்று கேட்கக்கூட உனக்குத் தோன்றவில்லை, நேராகத் தீர்ப்புதான். சரி, நானே சொல்கிறேன். நம்முடையது மார்மன் சபை, சம்பளத்துக்கு ஒரு போதகர் கிடையாது, எல்லா வேலையையும் நாமேதான் இழுத்துப்போட்டுச் செய்கிறோம் என்று நீ சின்ன வயதில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளிடம் பெருமையடிப்பாய். அந்த "நாமே" என்பது எத்தனை பேர் என்று இப்போது எண்ணிப் பார்த்தாயா? டயர் கடைக்கு மேலே அந்த ஒரு ஹாலில், ஞாயிற்றுக்கிழமை நன்றாகக் கூட்டம் வந்தால் இருபத்திரண்டு பேர். அதில் ஏழு பேர் குழந்தைகள். ரொட்டியையும் தண்ணீரையும் ஆசீர்வதிக்க உரிமையுள்ள ஆண்கள் மூன்றே பேர், அப்பா, தையல்கார அண்ணன், அப்புறம் இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஞானஸ்நானம் எடுத்த எலக்ட்ரீஷியன் தம்பி. தையல்கார அண்ணனுக்கு வேலை நெருக்கடி, தம்பிக்கு எங்காவது கரண்ட் போய்விடும், ஆக மிச்சம் அப்பாதான். நீ வேலைக்கென்று பெரிய ஊருக்குப் போனபோது எங்களுக்கு ஒரு ஆள் குறையவில்லையடா, நாலு வேலை ஆளில்லாமல் நின்றது. பதிவேடு எழுதினது நீ, பெரியவர்கள் வகுப்பு எடுத்தது நீ, திருவிருந்துக்கு நின்றது நீ, மாடிப்படி கூட்டினதும் நீ. நாலும் யார் தலையில் விழுந்தது என்று நினைக்கிறாய்? போகாதே என்று நான் சொல்லவில்லை, நாங்கள்தான் வழியனுப்பி வைத்தோம். ஆனால் கணக்கு தெரிந்து பேசு.

அப்பாவுக்கு இரண்டு அடைப்பு, ஒன்றுக்கு ஸ்டென்ட் வைத்தாயிற்று, இன்னொன்றை மருந்திலே பார்ப்போம், ஓடியாடுவதைப் பாதியாகக் குறையுங்கள் என்று டாக்டர் சொன்னது உனக்குத் தெரியும். அன்றைக்குப் போனில் அழுதாய். அப்பா டாக்டரிடம் என்ன சொன்னார் தெரியுமா, கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிற உட்கார்ந்த வேலைதான் சார், மற்றபடி ஞாயிற்றுக்கிழமை மட்டும் கொஞ்சம் சபை வேலை என்றார். கொஞ்சமாம்! காலை ஏழு மணிக்கு மூன்று மாடி ஏறி ஹாலைத் திறப்பார், கூட்டுவார், நாற்காலி விரிப்பார், பேச வேண்டியவர் வரவில்லை என்றால் அவரே பேசுவார், மத்தியானம் யார் வீட்டில் காய்ச்சல் யார் வீட்டில் சண்டை என்று பஸ் பிடித்துப் போவார். பதினோரு வருஷம் நம் சின்னச் சபைக்குக் கிளைத் தலைவர். பதினோரு வருஷமாக அவர் முன்னால் மேடையில், நான் பிள்ளைகளோடு கீழே. ஆஸ்பத்திரியில் கிடந்த ஞாயிறு ஒன்று வந்ததே, அதற்குக் கடை வேலையாக வெளியூர் போகிறேன் என்று தையல்கார அண்ணனிடம் சொல்லி வைத்தார். நோயாளி என்று தெரிந்தால் சபையாருக்கு மனசு விட்டுப்போகுமாம். பொய் சொல்லாதே என்று ஊருக்குப் பாடம் எடுக்கிற மனுஷன், என்னிடமும் தங்கச்சியிடமும் வாய் திறக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரி லாண்டரியில் இருபது வருஷம் படுக்கை விரிப்பு துவைக்கிறவள் நான், எந்த வார்டு விரிப்பு எந்த நிலைமையில் வரும் என்று எனக்குத் தெரியும். அந்த ஒரு வாரம் மூட்டையைப் பிரிக்கும்போதெல்லாம் முதலில் வார்டு நம்பரைத்தான் தேடினேன்.

சபையின் மாவட்டத் தலைவர் வருஷாந்தரக் கூட்டத்துக்கு வருகிறார், இந்தத் தடவை பொறுப்பிலிருந்து என்னை விட்டுவிடுங்கள் என்று கேட்டுவிடுகிறேன் என அப்பா எனக்கு வாக்குக் கொடுத்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு கொடுத்தார். சனிக்கிழமை நீ போன் பண்ணினாய். நீங்கள் விட்டால் கிளையையே மூடிவிடுவார்கள் அப்பா, நீங்கள்தான் அப்பா தூண், இன்னும் ஒரு வருஷம் விடாதீர்கள் என்றாயாம். தங்கச்சி கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள், எனக்குச் சொன்னது பிற்பாடுதான். நீ போகிற சபையில் முந்நூறு பேர். அங்கே உனக்கு ஒரு வேலையும் இல்லை, மாதம் இரண்டு தடவை போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்து, வகுப்பு ஆரம்பிக்கும் முன்னே நழுவி விடுகிறாய், சபையை நடத்துகிற ஆயருக்கு என் பேரே தெரியாது அம்மா என்று என்னிடமே சிரித்தாய். கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறவன், நெஞ்சில் கம்பி வைத்த மனுஷனைப் பார்த்துத் தூண் என்கிறான். எனக்கு வயிறு எரியுமா எரியாதா?

ஞாயிற்றுக்கிழமை மாவட்டத் தலைவர் வந்தார். அந்தப் பல் டாக்டர்தான், நல்ல மனுஷன், அவருக்கும் சம்பளம் கிடையாது, க்ளினிக்கை மூடிவிட்டு நாலு மணி நேரம் பஸ்ஸில் வருகிறார். பொறுப்பாளர்கள் பட்டியலை வாசித்தார். கிளைத் தலைவராகத் தொடர்கிறவர் என்று அப்பா பேரை வாசித்தார். நான் அப்பாவைப் பார்த்தேன், அவர் காலண்டரைப் பார்த்தார். ஆதரிக்கிறவர்கள் வலது கையை உயர்த்துங்கள் என்றார், எல்லாரும் உயர்த்தினார்கள். எதிர்க்கிறவர்கள் யாராவது இருந்தால் அதேபோல் என்றார். பொறந்ததிலிருந்து இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறாய், யாராவது கை தூக்கிப் பார்த்திருக்கிறாயா? நான் தூக்கினேன். தையல்கார அண்ணன் பதறிப்போய்ப் பின்னாலிருந்து, "அக்கா, கையை இறக்குங்க, அது முடிஞ்சு போச்சு, இப்ப எதிர்ப்புக்கு" என்று கிசுகிசுத்தார். தெரியும் அண்ணே என்றேன். ஹாலில் ஒரு குழந்தை பிஸ்கட் கடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

கூட்டம் முடிந்ததும் மாவட்டத் தலைவர் முறைப்படி என்னைத் தனியாகக் கூப்பிட்டார், துடைப்பமும் பாட்டுப் புத்தகமும் வைத்திருக்கிற சின்ன அறைக்கு. உங்கள் வீட்டுச் சகோதரர் ஏதாவது தப்பு செய்தாரா என்று மெதுவாகக் கேட்டார், முகம் வெளுத்திருந்தது, பாவம், என்னென்னவோ நினைத்திருப்பார். நான் சொன்னேன், "தப்பு ஒண்ணும் பண்ணலைங்க. அவருக்கு நெஞ்சில ரெண்டு அடைப்பு. உங்ககிட்ட யாரும் சொல்லலை, நான் சொல்றேன். இந்தக் கிளை வேணும்தான், எனக்கும் வேணும். ஆனா அவரை எரிச்சு இதுல விளக்கேத்தாதீங்க." அவர் பாட்டுப் புத்தகக் கட்டின்மேல் உட்கார்ந்துவிட்டார். எனக்குத் தெரியாதும்மா, மன்னிச்சிடுங்க என்றார். கிளையை மூட எனக்கு மட்டும் ஆசையா சொல்? மூடினால் நானும் நாலு மணி நேரம் பஸ்ஸில்தான் போகவேண்டும். உன்னைத் தூக்கிக்கொண்டு அந்தப் படியில் ஏறினவள் நான்.

மூன்று வாரத்தில் அப்பாவை விடுவித்துவிட்டார்கள். எலக்ட்ரீஷியன் தம்பிதான் இப்போது தலைவர். முதல் நாள் பேசும்போது ஒரே பக்கத்தை இரண்டு தடவை வாசித்தான், ஆனாலும் கிளை மூடவில்லை, தூண் போனதும் கூரை இடிந்து விழவில்லை. அப்பா என்னிடம் பேசவில்லை. உப்பு, துண்டு, மாத்திரை, இந்த மூன்று வார்த்தையைத் தவிர வேறு இல்லை. பரவாயில்லை, பேசாத புருஷனாக இருந்தாலும் மூச்சு விடுகிற புருஷன் என்று நானும் வாயை மூடிக்கொண்டேன்.

போன ஞாயிறு அப்பா ஹாலுக்கு வந்து நின்றார். எங்கே உட்காருவது என்று தெரியவில்லை அவருக்கு. கதவருகிலேயே நின்று மேடையைப் பார்த்தார், நாற்காலிகளைப் பார்த்தார், கடைசியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பதினோரு வருஷத்தில் முதல் தடவை. தம்பி பேச ஆரம்பித்த ஐந்தாவது நிமிஷம் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். கடைசிப் பாட்டுக்கு நேரம் வந்தது, கீபோர்டு வாசிக்க என்னை விட்டால் ஆள் கிடையாது. தம்பி என்னைப் பார்த்தான், எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் எழுந்திருக்கவில்லை. தம்பி தானே ஒரு சுருதியைப் பிடித்தான், தப்பான சுருதி, எல்லாரும் அதிலேயே பாடி முடித்தார்கள். அப்பா விழிக்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியில், "நல்லாத் தூங்கிட்டேன்ல" என்றார். நாலாவது வார்த்தை.

கர்த்தர் உன்னை ஆசீர்வதிப்பார், உடம்பைப் பார்த்துக்கொள், தங்கச்சிக்கு அடிக்கடி எழுது. ஒன்றை மறக்காதே. வருகிற ஞாயிறு உன் ஆயரிடம் போய் உன் பேரைச் சொல்லி, எனக்கு ஒரு வேலை கொடுங்கள் என்று கேள், நாற்காலி மடக்குகிற வேலையானாலும் சரி. அதைச் செய்துவிட்டு அப்பாவுக்குப் போன் பண்ணு. அதுவரை பண்ணாதே, அவர் தூங்கட்டும்.

கோபத்தோடும் பாசத்தோடும்,
உன் அம்மா