வடக்கு ராஸ்காமன் உறுப்பினர் சபைக்குப் போகவில்லை

9 ஜூன் 1996

மூன்றாம் அத்தியாயம் முடிந்தது. வடக்கு ராஸ்காமன் அயர்லாந்தில் 1922 வரை இருந்த நாடாளுமன்றத் தொகுதி. கச்சேரி ரோட்டில் உட்கார்ந்து அதற்கு வரலாறு எழுதுகிறவன் உலகத்திலேயே நான் ஒருவன்தான் என்று கல்லூரியில் கேலி. சொல்லட்டும். 1917 இடைத்தேர்தலில் சரியான பனி. ஜனங்கள் பாதையில் கிடந்த பனியை வெட்டி ஒதுக்கி வந்து ஓட்டுப் போட்டார்கள். ஜெயித்தவரோ, லண்டன் சபையில் போய் உட்கார மாட்டேன் என்றுவிட்டார். மனுஷன் என்றால் அப்படி இருக்க வேண்டும்.

என் மகள் ரஞ்சனி விஷயத்திலும் என் முடிவு அதுதான். பெண் மேஜர். டில்லிபாபுவைக் கட்டிக்கொள்ளட்டும், நான் கல்யாணத்தில் வந்து உட்கார மாட்டேன். "அந்தப் பையன்கிட்ட என்ன குறை கண்டேள்?" என்றாள் என் மனைவி விஜயலக்ஷ்மி. குறை பையனிடம் இல்லை. அவன் அம்மா பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கிறாள். எழுதிப் பார்த்தால் எனக்கே அசிங்கமாக இருக்கிறது.

14 ஜூன்

விடாத மழை. தெருவில் முழங்கால் தண்ணீர். அதில் நடந்து டில்லிபாபுவின் அம்மா கெங்கம்மா வந்து நின்றாள். சேலை பிழிய வேண்டியிருந்தது. பிளாஸ்டிக் பையில் சுற்றிய பத்திரிகையும் வெற்றிலையும் மட்டும் நனையவில்லை.

"பொண்ணப் பெத்தவரு நீ இல்லாம இன்னா கல்யாணம் சாமி? ஒண்ணும் செய்ய வேணாம். சும்மா வந்து குந்து, போதும்."

"பார்க்கலாம்" என்றேன். கடைசி வரை நின்றுகொண்டேதான் பேசினாள். உட்காருங்கள் என்று ஏன் எனக்குச் சொல்ல வரவில்லை?

30 ஜூன்

போகவில்லை.

1 ஜூலை

விஜயலக்ஷ்மி மட்டும் போய்விட்டு வந்தாள். தாரை வார்க்க அப்பா எங்கே என்று புரோகிதர் தேடினாராம். கெங்கம்மாவின் அண்ணன் மாசிலாமணி, "நான் குந்துறேன். எம் பொண்ணுதான் அது" என்று என் இடத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக் கொடுத்தாராம்.

"ரஞ்சனி அழுதாளா?"

"அழுதா. அவர் தோள்ல சாஞ்சுண்டு."

கேட்காமல் இருந்திருக்கலாம்.

22 செப்டம்பர்

நான்காம் அத்தியாயம் நகரவில்லை. பனியை வெட்டி வந்தவர்களிடம், போகட்டுமா வேண்டாமா என்று அந்த மனிதர் ஒரு வார்த்தை கேட்டாரா? ஜெயித்த பிறகுதானே சொன்னார். சரி, அவருக்காவது நாடு, விடுதலை என்று ஒரு காரணம் இருந்தது. உனக்கு என்னடா இருந்தது, கல்யாணராமா? வீம்பு. வெறும் வீம்பு.

17 ஆகஸ்ட் 1997

பேத்திக்குப் பெயர் வைக்கும் நாள். ரஞ்சனி தன் அம்மாவை மட்டும்தான் கூப்பிட்டிருந்தாள். நானும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

"வாங்கோப்பா" என்றாள். முன்வரிசையில் நாற்காலி போட்டாள், ரோஸ்மில்க் கொடுத்தாள், மின்விசிறியை என் பக்கம் திருப்பிவிட்டாள். முகத்தில் கோபமே இல்லை. கோபித்திருந்தால் தேவலை.

தொட்டில் பக்கத்திலிருந்து கெங்கம்மாவின் குரல்: "தாத்தா எங்க? வந்து கொயந்த காதுல பேரு சொல்லு."

எழுந்துவிட்டேன். இரண்டு எட்டு வைத்தும்விட்டேன். அதற்குள் மாசிலாமணி குழந்தையின் காதருகே குனிந்திருந்தார். யாரும் என்னைக் கவனிக்கவில்லை. ரஞ்சனி மட்டும் பார்த்தாள், பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வர்ஷினியாம். கூட்டத்தோடு கூட்டமாக நானும் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.