தீனி வைத்துச் சாத்திய கதவு

இதை எழுதுபவர், கள்ளக்குறிச்சியில் வழக்கறிஞராகத் தொழில் செய்துவரும் உன் அப்பா கொளஞ்சியப்பன். நல்ல நினைவோடும் எவர் தூண்டுதலும் இன்றியும் எழுதுகிறேன்.

அன்பு மகள் கவியாவுக்கு, நானும் அம்மாவும் உடலளவில் சுகம், பெர்த் நகரில் நீயும் மாப்பிள்ளையும் குறையின்றி இருக்க வேண்டுகிறோம். உன் தம்பி வெற்றிச்செல்வன் வெள்ளிமலைப் பாதை விபத்தில் தவறிய பிறகு, அவன் கடல்நீரில் உயிர்ப்பவளமும் மீனும் வளர்த்த கண்ணாடித் தொட்டியை யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னாய், நானும் இசைந்தேன், புதுச்சேரிக்காரர் ஒருவர் ஞாயிறன்று வண்டியோடு வருகிறார். அதற்குமுன் இங்கு நடந்ததை நீ அறிய வேண்டும்.

பவளங்களுக்குத் தீனி வைக்கையில் அலை மோட்டாரையும் வடிகட்டி மோட்டாரையும் நிறுத்த வேண்டும், இல்லையேல் தீனி அவற்றின் வாய்க்குப் போகாமல் வடிகட்டிக்குள் போய்விடும். கால் மணி நேரத்தில் திரும்ப ஓடவிட வேண்டும், ஓட்டமில்லாத நீரில் அவற்றுக்கு மூச்சில்லை. அம்மாதான் இதைச் செய்துவந்தாள். ஆனால் இறந்தவர்களுக்குப் படையல் போட்ட அறையைப் போலக் கதவைச் சாத்திவிட்டு வெளியே உட்காருகிறாள் என்பதை நான் அறியவில்லை. சென்ற வாரம் கோர்ட்டிலிருந்து திரும்பியபோது மோட்டார்கள் நின்றிருந்தன, பவளங்கள் சுருங்கிக் கிடந்தன, மீன்கள் நீர்மட்டத்தில் வாயைப் பிளந்துகொண்டிருந்தன. கேட்டதற்கு, புள்ள துன்னுகினு இருக்கான், அதுக்குள்ள இன்னா அவசரம் உங்களுக்கு என்றாள். அதட்டினேன். கோர்ட்டுல எவன் எவனோ சொல்ற சாட்சிய நம்புறீங்க, பெத்தவ சொன்னா மட்டும் நம்பமாட்றீங்க என்றாள். வேலைக்கு வரும் பூமாலையும், அக்கா சொல்றது நெசந்தாங்க, உள்ள ஆள் இருக்கிறாப்புலதான் இருக்குது என்றார்.

அன்றுமுதல் அப்பொறுப்பை நான் ஏற்றேன். புதனன்று மாலை இரு பிளக்குகளையும் என் கையால் பிடுங்கி ஸ்டூல்மேல் வைத்துத் தீனியிட்டேன், அம்மாவின் மனத்துக்காகக் கதவைச் சாத்தினேன், நானும் அம்மாவும் பூமாலையும் கூடத்தில் அமர்ந்திருந்தோம். அவ்வறைக்கு வேறு வாசலில்லை, ஜன்னலுக்குக் கம்பி உண்டு. நேரமானதும் எழுந்தேன், படையல் கதவைத் தட்டாமல் திறக்கக்கூடாது என்றாள் அம்மா, தட்டினேன். உள்ளே மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. திறந்தபோது ஸ்டூல் வெறுமையாக இருந்தது, பிளக்குகள் சுவரில் செருகியிருந்தன, நீர் ஓடிக்கொண்டிருந்தது. காரணம் இன்னதென்று நான் கூறவில்லை, கண்டதை மட்டும் கூறுகிறேன்.

ஆகவே புதுச்சேரிக்காரரை வரவேண்டாமென்று சொல்ல உன் சம்மதத்தைக் கோருகிறேன், ஞாயிறுக்குள் தெரிவி. நீங்கள் இருவரும் நீண்ட ஆயுளோடு வாழ எங்கள் ஆசி. ஒன்றை மறவாதே: மாலையில் தீனி வைக்கும் வேளையில் போன் செய்யாதே, அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை இங்கு யாரும் பேசுவதில்லை.

(ஒப்பம்) கொளஞ்சியப்பன்

சாட்சிகள், கூடத்தில் உடனிருந்தோர்:
அமிர்தம், உன் தாய்
பூமாலை