புள்ளி எழுத்து

அம்மாவுக்கு வணக்கம். நான் சுகம், உன் முழங்கால் வீக்கம் வடிந்ததா?

கடைப் பலகைகளுக்காகப் புள்ளிகளை அடுக்கி நான் வரைந்த அலங்கார எழுத்து, பெரிதாக இருந்தால்தான் எடுபடும். போன வாரம் இறந்துபோன எங்கள் அலுவலகக் காவலாளியின் இரங்கல் அட்டைக்கும், பழக்கதோஷத்தில் அதையே சிறிதாக்கிப் போட்டுவிட்டேன். புள்ளிகள் ஒட்டிக்கொண்டு, பெயர் வெறும் கறையாக அச்சானது.

"விடுப்பா, எல்லாருக்கும் தெரிஞ்ச ஆள்தானே?" என்றார் முதலாளி. காவலாளியின் பெயர் எனக்கே அன்றுதான் தெரிந்தது. தினமும் "சாப்டியா தம்பி?" என்று கேட்டவர் அவர் ஒருவர்தான். அழுகை வரவில்லை, அடுத்த பலகையை எடுத்துக்கொண்டேன். வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை, பயப்படாதே.

முடிந்தால் ஒரு போர்வை அனுப்பு. பார்சல் மேல் விலாசத்தைத் தங்கை அச்செடுத்து ஒட்ட வேண்டாம். நீயே பேனாவால் எழுது. என் பெயரைக் கொஞ்சம் பெரிதாக எழுது.

பேருந்து வந்துவிட்டது.

உன் மகன்