விடுதிக் கணக்கில் சேர்த்த என் கிண்டலை நீக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
ப. மீனம்பாள் (வயது 51),
பூ, எலுமிச்சம்பழக் கடை,
மேல்மலையனூர் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரில்,
செஞ்சி.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
விழுப்புரம்.

பொருள்: செஞ்சியில் புதிய தங்கும் விடுதி தேவையா என்று எடுத்த கணக்கு தப்பாக இருப்பது, அதில் என் பேரும் இருப்பது சம்பந்தமாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் ஐந்தாவது வரை படித்தவள். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

1. கோட்டை பார்க்க வெளியூர் ஜனம் கூடியதால் எங்கள் பக்கத்தைப் புதுசாக்குகிறார்கள். ரோடு போட்டார்கள், லைட் போட்டார்கள், சந்தோஷம்தான். அடுத்து லாட்ஜ் தேவையா என்று கணக்கெடுக்க ஒரு கம்பெனியிலிருந்து விக்ரமன் என்ற தம்பி வந்தார். வந்த நாள் தை அமாவாசை.

2. அன்றைக்கு மேல்மலையனூர் அங்காளம்மனைப் பார்க்கப் போகிற கூட்டம் முழுக்க எங்கள் கடை எதிரில்தான் பஸ் மாறும். ரூம் போட்டிருக்கிறீர்களா என்று தம்பி ஒவ்வொருவரையும் நிறுத்திக் கேட்டார். இல்லை என்றார்கள். எங்கே படுப்பீர்கள் என்றார். கோயில் வாசலில் என்றார்கள். ஐயா, அமாவாசைக்கு வருகிறவர்கள் நடுராத்திரியில் அம்மன் ஊஞ்சலாடுவதைப் பார்த்துவிட்டு அங்கேயே துண்டை விரித்துப் படுப்பார்கள், விடிந்ததும் ஊருக்குப் பஸ் ஏறுவார்கள். அவர்களுக்கு அதுதான் வேண்டுதல். சாவியைக் கையில் திணித்தாலும் ரூமுக்கு வரமாட்டார்கள்.

3. என்னிடமும் கேட்டார். யாரைப் பார்த்தாலும் எனக்கு வாய் சும்மா இருக்காது. "எனக்கே ஒரு ரூம் வேணும் தம்பி, ஏசி போட்டு. எங்க வூட்டுக்காரர் கொறட்டையில முப்பது வருசமா தூக்கமில்ல" என்றேன். பக்கத்து டீக்கடை ஜெயக்கொடி விழுந்து விழுந்து சிரித்தாள். தம்பி சிரிக்கவில்லை, எழுதிக்கொண்டார். கையெழுத்து கேட்டார், போட்டேன்.

4. போன வாரம் அந்த அறிக்கையைத் தாலுகா ஆபீஸ் பலகையில் ஒட்டியிருந்தார்கள். நின்று எழுத்துக்கூட்டிப் படித்தேன். 430 பேரில் 418 பேர் தங்க இடமின்றி வெட்டவெளியில் உறங்கும் சுற்றுலாப் பயணிகளாம். "முப்பது ஆண்டுகளாக உறக்கமின்றி அவதியுறும் உள்ளூர் வியாபாரி" என்று என் பேர். அதற்குக் கீழே விடுதி கட்டத் தோதான இடம் என்று எங்கள் ஆறு கடையும் நிற்கிற இடத்தைப் போட்டிருக்கிறார்கள். நானே கேட்டு வாங்கின மாதிரி பக்கத்தில் என் கையெழுத்து.

5. ஜெயக்கொடி புருஷன் இல்லாதவள். டீ ஆற்றித்தான் மகள் ரஞ்சனியை நர்சுக்குப் படிக்க வைக்கிறாள். அறிக்கையைப் பார்த்துவிட்டு வந்து "உனக்கு எல்லாமே வெளையாட்டுதான் இல்லக்கா" என்றாள். அவ்வளவுதான். ஏழு நாளாகப் பேச்சில்லை. நான் என்ன சொன்னாலும் தலை நிமிராமல் டம்ளர் கழுவுகிறாள்.

ஆகையால் நான் சொன்னதை அடித்துவிட்டு, அமாவாசை இல்லாத நாளாகப் பார்த்து, கோட்டை வாசலில் நின்று மறுபடி எண்ணச் சொல்லி உத்தரவு போட வேண்டுகிறேன். இருக்கிற லாட்ஜுகளிலேயே மற்ற நாளில் சாவி ஆணியில் தொங்குவதையும் வந்து பார்க்கலாம். அப்படி எண்ணியும் விடுதி வேண்டும் என்று வந்தால் என் கடைத் தகரத்தை நானே பிரித்துக் கொடுக்கிறேன். என் வாயால் ஜெயக்கொடி கடை போகக் கூடாது ஐயா.

இடம்: செஞ்சி
நாள்: 16.03.2026

இப்படிக்கு, தெரிந்தே போடும் கையெழுத்து,
ப. மீனம்பாள்