நீ திறக்காத டிவி கேம்

இல்லை, அழவில்லை. உன் சாவுக்கு வந்தவர்கள் அதைத்தான் கவனித்துக்கொண்டிருந்தார்கள், அண்ணே. கூடப் பிறந்தவள், கண்ணில் ஒரு சொட்டு இல்லை.

என் நகக்கண்ணில் கித்தாப் பாலின் வாடை இருக்கிறது. காய்ந்து பல வருடமான ரப்பர் பால். விரலில் உருட்டினால் இன்னும் புளித்து நாறுகிறது. சோப்புப் போட்டேன், போகவில்லை. போகட்டும் என்று அழுத்தித் தேய்க்கவும் இல்லை.

ரப்பர் தோட்டத்தை விற்றுவிட்டு வெள்ளைக்காரத் துரை குடும்பம் கிளம்பிய வாரம். எழுபதுகளின் கடைசி. பங்களாவுக்குப் பின்னால் இருந்த குப்பைக் குழியில் அது கிடந்தது. ஆரஞ்சு நிறப் பெட்டி, திருகுவதற்கு இரண்டு குமிழ். துரையின் மகன் விளையாடுவதை ஜன்னல் வழியே பார்த்திருக்கிறேன். டிவியில் இரண்டு கோடுகள், நடுவே ஓடும் ஒரு புள்ளி. அம்மா ரப்பர் பால் எடுக்கும் வாளியில் போட்டு, தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருந்த லயத்துக்குக் கொண்டுவந்தேன்.

உள்ளே ஒரு கம்பி அறுந்திருந்தது. முறுக்கிக் கட்டினேன். திருகாணிகள் தளர்ந்து விழுந்துகொண்டே இருந்தன. ரப்பர் மரத்தில் கட்டிய கோப்பையிலிருந்து பால் எடுத்து, திருகாணிக் குழிகளில் விட்டு அடைத்தேன். நீ திடலில் பந்து உதைத்துக்கொண்டிருந்தாய்.

வேலையை மேற்பார்க்கும் மண்டோர் வீட்டில்தான் டிவி இருந்தது. அங்கே மாட்டினேன். புள்ளி நகர்ந்தது. லயமே கூடிவிட்டது. நீ கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து ஒரு குமிழைப் பிடித்தாய்.

"நீயாடா இதச் சரி பண்ணே?" என்று மண்டோர் உன்னைக் கேட்டார்.

நீ சிரித்தாய். அவ்வளவுதான் செய்தாய்.

"ஒங்கண்ணன் கெட்டிக்காரன்லா," என்றார் என்னிடம்.

அந்தச் சிரிப்பை வைத்துத்தான் பிறகு ஈப்போவில், புந்தோங்கில் டிவி கேம் கடை போட்டாய்.

அந்தக் கடையில் நீ விற்றதெல்லாம் புதுசு. தைவானிலிருந்து வரும் போலி செட்டுகள், கலர் கலராக கேசட்டுகள். ஆனால் ஆட்கள் நின்று பார்த்தது கண்ணாடி அலமாரியை. அதில் இருந்த பழைய கேம்கள் நான் சேர்த்தவை. பஸ் பிடித்து ஆயர் தாவார் போய், பழைய சாமான் வாங்கும் சீனரின் கொட்டகையில் குனிந்து தேடியவை. பாகான் செராயில் ஒரு கிளார்க் வீட்டில் கெஞ்சி வாங்கியவை. பேட்டரியைக் கழற்றிவிட்டு, பிஸ்கட் டின்னில் வறுத்த அரிசிக்கு மேல் வைத்து ஈரத்திலிருந்து காத்தேன். நீ அந்த அரிசியைப் பார்த்து, "பொங்கல் வைக்கப் போறியா?" என்பாய்.

நடு அலமாரியில் ஆரஞ்சுப் பெட்டி. அதன் முன்னால் உன் கையெழுத்தில் ஒரு அட்டை. 'நான் முதன்முதலில் பழுது பார்த்தது. விற்பனைக்கு அல்ல.'

நான் பினாங்கில் படித்துக்கொண்டிருந்தபோது, கையடக்கமான கேம்கள் ஒவ்வொன்றாக அலமாரியிலிருந்து போயின. விடுமுறைக்கு வந்து கேட்டேன்.

"பசங்க கேட்டாங்க, குடுத்துட்டேன். நீ என்ன இன்னும் சின்னப் பிள்ளையா?"

ஆரஞ்சுப் பெட்டியை மட்டும் நீ விற்கவில்லை. அதை விற்றால் கதையும் போய்விடுமே.

பத்திரிகைக்காரர் வந்த நாளை நினைக்கிறேன். தினமும் நினைக்கிறேன் என்று எழுதினால் மிகையில்லை. நான் டீ கொண்டுவந்தேன். அவர் ஆரஞ்சுப் பெட்டியைக் காட்டி ஏதோ கேட்டார். கம்பி அறுந்திருந்ததை, நீ அதை ஜொயிண்ட் அடித்ததைச் சொன்னாய். நான் என்றோ உனக்குச் சொன்ன வார்த்தைகளிலேயே சொன்னாய். பிறகு என் பக்கம் கையை நீட்டினாய்.

"இவ என் தங்கச்சி. யூனிவர்சிட்டில படிக்கிறா. இதெல்லாம் அவளுக்கு வெளங்காதுங்க."

அவர் சிரித்தார். நான் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். அன்றே ஒன்று முடிவு செய்தேன். என்றைக்காவது, நாலு பேர் முன்னால், உண்மையைச் சொல்வதென்று. நீ முந்திக்கொண்டாய். பாரிட் புந்தார் சாலை, உன் மோட்டார் சைக்கிள், ஒரு லாரி.

இறந்தவருக்குப் பிடித்த பொருளைச் சவப்பெட்டியில் வைத்து அனுப்புவது நம் வீட்டு வழக்கம். பெரியப்பாவோடு அவருடைய சுருட்டுகள் எரிந்தன. உன்னோடு எரிக்க அண்ணி ஆரஞ்சுப் பெட்டியை வேட்டியில் சுற்றிக் கொண்டுவந்தாள். அட்டையும் கூட வந்தது.

"அவரு உசுரே இதுலதான் இருந்துச்சு. கூடவே போவட்டும்."

"அண்ணி, அது என்னோடது."

அழுகை நின்றது. சித்தப்பாதான் முதலில் வாயைத் திறந்தார். "சாவு வீட்ல என்ன பேச்சு இது? அவன் கையால செஞ்ச சாமான். குடுத்து அனுப்புலா."

"அவரு செஞ்சிருந்தா ஒரு தடவையாச்சும் தொறந்து பார்த்திருப்பாரு, சித்தப்பா."

அண்ணி கையிலிருந்து வாங்கிக் கவிழ்த்தேன். திருகாணிக் குழிகளில் கித்தாப் பால் பழுப்பேறி அப்படியே இருந்தது. ஒன்றுகூட உடையவில்லை. இத்தனை வருடம் உன் அலமாரியில், உன் பெயரில் இருந்ததை நீ திறக்கவே இல்லை, அண்ணே. கொண்டை ஊசியால் கிள்ளி எடுத்தேன். சவப்பெட்டியை மூட வந்தவரிடம் திருப்புளி கேட்டேன். அவர் சித்தப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு கொடுத்தார்.

"சீக்கிரம் குடுத்துரும்மா. நானும் இத மூடணும்."

யாரோ மூக்கைச் சிந்துவதுபோல் சிரிப்பை அடக்கினார்கள்.

உள்ளே, அறுந்த கம்பியின் மேல் என் நீலத் தலை ரிப்பன் சுற்றியிருந்தது. அன்று எனக்கு டேப் கிடைக்கவில்லை. உன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அம்மா எட்டிப் பார்த்தாள்.

"இது தொலைஞ்சு போச்சுன்னுதானே சொன்னே," என்றாள். "அதுக்கு ஒன்னைய அடிச்சேனே."

மண்டோர் வீட்டில் அன்று அவளும் நின்றுகொண்டிருந்தாள். அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ரிப்பனை மட்டும் தொட்டுப் பார்த்தாள்.

ஆரஞ்சுப் பெட்டியை மூடி என் மடியில் வைத்துக்கொண்டேன். அட்டையை எடுத்து உன் கைகளுக்கு அடியில் செருகினேன். அது நீ செய்தது. உன்னோடு போனது சரிதான். அதை யாரும் தடுக்கவில்லை.

மனம் ஆறியதா என்றால், இல்லை. செத்தவன் முகம் சிவப்பதில்லை. நான் பார்க்க விரும்பியது அதைத்தான்.

நேற்று மத்தியானம் அதை டிவியில் மாட்டினேன். ஓடியது. இரண்டு குமிழ்கள், ஒரு ஆள். என் பக்கத்திலிருந்து அடித்த புள்ளி உன் கோட்டைத் தாண்டிப் போனது. மறுபடியும் போனது. என் பக்கம் எண் ஏறிக்கொண்டே இருந்தது. உயிரோடு இருந்தபோது நீ என்னை ஒரு ஆட்டம்கூட ஜெயிக்க விட்டதில்லை. இடது குமிழை நீ திருகும்போது உன் கட்டைவிரல் எழுப்பும் 'கிரிச்' சத்தம் என் காதில் இருக்கிறது. அதை எங்கே கழற்றி வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

ரிப்பனை அவிழ்த்துவிட்டு, கம்பிக்கு முறையாக டேப் சுற்றினேன். இன்று காலை அண்ணியிடம் சாவி வாங்கிக் கடையைத் திறந்தேன். ஆரஞ்சுப் பெட்டியை அதே அலமாரியில், அதே இடத்தில் வைத்து, அதன் முன்னால் விலை எழுதி ஒட்டினேன்.