ஒரு குருவிகூடப் பறக்காது

கடவுள் துணை

திங்கட்கிழமை காலை

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. சனிக்கிழமை மாலை கண்காட்சியில் நம் ஸ்டாலில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். உன் அத்தான், கழுத்தில் அடையாள அட்டையோடு முகப்பில். என் மகள், உன் மருமகள், தான் வரைந்த படங்கள் ஒட்டிய பலகைக்குப் பக்கத்தில். உங்களோடு வேலை செய்யும் சோடாபுட்டி, தடித்த கண்ணாடியும் தானுமாக மேஜைக்கு அடியில் ஒயர்களோடு. நம் கம்ப்யூட்டர் விளையாட்டை வாங்கி வெளியிடலாமா என்று பார்க்க வந்த கம்பெனி அம்மாள். இந்த மாதிரி கம்ப்யூட்டர் விளையாட்டுகளைப் பற்றி எழுதும் நிருபர் ஒருவர், கேமராவோடு. எட்டு நாற்காலிகளில் எட்டுப் பார்வையாளர்கள். பின்னால் துணித் தடுப்பை ஒட்டி, தண்ணீர் பாட்டில்களுக்குக் காவலாக நான். நீ இல்லை. அதையும் எழுதத்தான் வேண்டும், ஏனென்றால் அன்று அங்கே அதிகம் அடிபட்டது உன் பேர்தான்.

எதையும் வரவு செலவு போல வரிசையாக எழுதிப் பழகிவிட்டவள் நான், உனக்குத் தெரியும். நாளைக்கு வேறு யாராவது உன்னிடம் வேறு மாதிரி சொன்னால், இதை வைத்துச் சரிபார்த்துக்கொள்.

போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். நீ எடுத்தால்தானே? எடுத்தாலும் அத்தான் பேச்சு வந்ததும் "சரிக்கா, வேலை இருக்கு" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தைப் பாதியில் வைத்தால் மீதி மேஜை மேலேயே கிடக்கும். எப்படியும் எடுத்துப் படிப்பாய்.

காலையில் நடந்ததெல்லாம் நல்லது. கதவு திறந்ததும் நம் ஸ்டாலுக்கு வரிசை நின்றது. எட்டுப் பேர் உட்கார்ந்து, இந்தப் பக்கம் நாலு ஊர், அந்தப் பக்கம் நாலு ஊர், நடுவில் ஆறு என்று 'எட்டுக்கரை'யை முதன்முதலாக வெளியாட்கள் விளையாடிப் பார்த்தார்கள். இன்னும் வெளிவராத விளையாட்டை வரிசையில் நின்று பார்க்க இத்தனை பேரா என்று எனக்கு வியப்பு. தலை முதல் கால் வரை அட்டைக் கவசம் போட்டுக்கொண்டு வேஷத்தில் வந்த ஒருவர் நாற்காலியில் உட்கார முடியாமல் நின்றுகொண்டே ஆடினார். தாகம் என்றார். கவசத்தைக் கழற்ற முடியாததால் பாட்டிலை நானே வாயில் பிடித்தேன். படைத் தளபதிக்கே தண்ணீர் ஊட்டிய பெருமை உனக்குத்தான் அம்மா என்று உன் மருமகள் சிரித்தாள். ஆட்டம் முடிந்து எழுந்தவர்கள் மறுபடி வரிசையின் கடைசியில் போய் நின்றார்கள். உன் அத்தான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நீ இருந்திருந்தால் உன் தோளில் கை போட்டிருப்பார்.

மாலையில் கம்பெனி அம்மாள் வந்தார். நிருபர் கேமராவை நிறுத்தினார். ஆட்டம் சூடுபிடித்த நேரம். எனக்குப் பிரார்த்தனை நேரமும் வந்துவிட்டது. நேரத்துக்குக் கும்பிடாமல் எனக்கு இருப்புக்கொள்ளாது, நீ அறிவாய். அந்தச் சத்தத்துக்கு நடுவிலேயே தடுப்பை ஒட்டி நின்று கண்ணை மூடினேன். உன் அத்தான் உழைப்பு வீண்போகக் கூடாது, எங்கே இருந்தாலும் தம்பி நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் கேட்டேன்.

கண்ணைத் திறந்தால் எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள். எட்டுத் திரையும் அசையாமல் நிற்கிறது. ஆற்றில் படகுகள் நின்றுவிட்டன. ஓங்கிய வாள் ஓங்கியபடியே. உன் அத்தான் ஒவ்வொரு கீபோர்டாகத் தட்டிக்கொண்டு வந்தார். சோடாபுட்டி மேஜைக்கு அடியிலிருந்து தலையை நீட்டி, ஒயரெல்லாம் சரியாக இருக்கிறது, கம்ப்யூட்டரும் ஓடுகிறது, ஆட்டம் மட்டும்தான் நிற்கிறது என்றான். வரிசையில் நின்ற கூட்டத்தில் யாரோ கைதட்டிச் சிரித்தார்கள். கம்பெனி அம்மாள் கைப்பையைத் தோளில் மாட்டினார். நிருபர், என்ன சார் ஆயிற்று என்று கேமராவைத் திருப்பினார்.

அப்போது உன் அத்தான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், கூட்டாமல் குறைக்காமல். "இது என் மச்சினன் வேலை. சண்டை போட்டுட்டுப் போனான்ல, போற போக்குல இதையும் வெச்சிட்டுப் போயிருக்கான்."

நிருபர் எழுதலாமா என்று கேட்டார். எழுதிக்கொள்ளுங்கள் என்றார் இவர்.

ஆனால் என் கண் எட்டாவது திரையில் நின்றது. அந்த நாற்காலியில் இருந்த கல்லூரிப் பையன் போன் வந்து ஆட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டு வெளியே போயிருந்தான். நாற்காலி காலி. திரையில், வீட்டில் ஆடும்போது நான் காக்கும் தானியக் களஞ்சியம். நான் கேட்டேன் என்று உன் மருமகள் களஞ்சியத்து மேல் வரைந்து கொடுத்தாளே குருவிகள், அதில் ஒன்று சிறகை விரித்தபடி காற்றில் நிற்கிறது.

உனக்கு நினைவிருக்கிறதா? ஆட்டத்தைச் சோதித்துப் பார்க்க எட்டாவது ஆள் கிடைக்கவில்லை என்று என்னைக் கூட்டி உட்காரவைத்தீர்கள். இவளுக்குச் சண்டை போட வராது, தானியம் காக்கட்டும் என்றார் உன் அத்தான். அக்காவுக்குச் சண்டை வருமா வராதா என்று உங்களுக்குத் தெரியாதா அத்தான் என்று நீ கேட்டதில் சோடாபுட்டிக்குப் புரையேறியது. ஒவ்வொரு சாயங்காலமும் நான் கும்பிட எழுந்து போவேன். திரும்பி வந்தால் என் களஞ்சியம் எரிந்து கிடக்கும். கடவுளுக்கு முன்னால் நிற்கும்போதுகூட எனக்குத் தானிய நினைப்பாகவே இருக்கிறதே, இது என்ன பாவம் என்று உன்னிடம் குறைப்பட்டேன். அதற்கு நீ சொன்னாய்:

"நீ போய் நிம்மதியா கும்பிடுக்கா. நீ வர்ற வரைக்கும் இங்க ஒரு குருவிகூடப் பறக்காது."

மறுநாளிலிருந்து அப்படியே ஆயிற்று. நான் கும்பிடப் போனால் ஆட்டம் நிற்கும். வந்து மவுஸைத் தொட்டால் ஓடும். அந்த நேரத்தில் எல்லோரும் எழுந்து போய் டீ குடிப்பது வழக்கமாகிவிட்டது. நீதான் உன் இடத்திலிருந்து கையால் நிறுத்துகிறாய் என்று நான் உட்பட எல்லோரும் நினைத்தோம். அந்த வேளையில் எட்டாவது மவுஸில் கை படாவிட்டால் தானே நிற்கும்படி ஆட்டத்துக்குள்ளேயே எழுதிவைத்திருக்கிறாய் என்று எவருக்குத் தெரியும்? நாள் முழுக்கச் சோதித்த வீட்டில் அந்த ஒரு வேளையை மட்டும் யாருமே சோதிக்கவில்லை. அந்த வேளையில்தான் எல்லோர் கையிலும் டீ டம்ளர் இருக்குமே!

கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் எட்டாவது நாற்காலியில் உட்கார்ந்தேன். மவுஸைத் தொட்டேன். குருவி பறந்தது. படகுகள் நகர்ந்தன, ஓங்கிய வாள் இறங்கியது. எட்டுத் திரையிலும் மேல் ஓரத்தில் சின்னதாக ஒரு வரி வந்து போயிற்று. 'அக்கா வந்தாச்சு'. வீட்டில் நான் உட்கார்ந்ததுமே களஞ்சியத்தைத்தான் பார்ப்பேன், ஓரத்தை எங்கே பார்த்தேன்? இத்தனை நாள் அது அங்கே வந்துகொண்டிருந்ததே எனக்குத் தெரியாது. மற்றவர்கள் டீயோடு திரும்பி வருவதற்குள் போய்விடும் போல.

எல்லோரும் மகிழ்வார்கள் என்று நினைத்தேன். உன் அத்தான் என்னைப் பார்த்த பார்வை வேறு. உனக்கு எப்படித் தெரியும், அவன் சொல்லிக்கொடுத்தானா, நீயும் இதற்கு உடந்தையா என்று தாழ்ந்த குரலில் கேட்டார். அந்நியர் முன்னால் நான் என்ன சொல்வேன்? கம்பெனி அம்மாள் மட்டும் நிதானமாகப் பேசினார். அடுத்த சனிக்கிழமை பெரிய கண்காட்சி இருக்கிறதே, அங்கே மாலையில் ஒரு முழு ஆட்டம் நிற்காமல் ஓட வேண்டும், ஓடாவிட்டால் இந்தப் பேச்சை இதோடு விட்டுவிடலாம் என்றார். அதையும் பார்த்துவிட்டு இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன் என்று நிருபர் கேமராவை மடக்கினார்.

வண்டியில் ஏறினோம். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் உன் மருமகள் கம்ப்யூட்டர் பெட்டியை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். மாமா அப்படிச் செய்யமாட்டார் என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். வீட்டுக்கு வந்ததும் நான் நடந்ததைச் சொன்னேன். "பிரார்த்தனைக்காகவா? தம்பிக்காகக் கதை விடாத" என்றார் உன் அத்தான். இத்தனை வருஷத்தில் என் பிரார்த்தனையை அவர் பழித்ததில்லை. அன்றுதான் முதல் தடவை சாப்பிடாமல் படுத்தேன்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை சோடாபுட்டி ஆட்டத்தில் நீ எழுதிய பகுதியைத் திறந்து அந்த நிறுத்தத்தைப் பிடுங்கிப் பார்த்தான். அவன் சொன்னதை எனக்குப் புரிந்த மட்டில் எழுதுகிறேன். எட்டு கம்ப்யூட்டரும் ஒரே தாளத்தில் அடியெடுத்து வைக்கும்படி நீ அமைத்திருக்கிறாயாம். அந்தத் தாளத்தோடு இந்த நிறுத்தத்தையும் சேர்த்துப் பின்னியிருக்கிறாயாம். பிடுங்கினதும் ஒவ்வொன்றும் தன் போக்கில் போகிறது. ஒரு திரையில் கோட்டை விழுந்துவிட்டது, பக்கத்துத் திரையில் அதே கோட்டையில் கொடி பறக்கிறது. எட்டுப் பேரும் எட்டு யுத்தம் பார்க்கிறார்கள். பயந்துபோய்ப் பழையபடியே வைத்துவிட்டான். இதை அவிழ்க்கப் பின்னினவன் கைதான் வேண்டும், என்னால் ஆகாது என்று சொல்லிவிட்டான்.

நீ போன அன்று சொன்னது இப்போதுதான் விளங்குகிறது. இன்னும் வீட்டுச் சாமான் உள்ளே கிடக்கிறது, அதை எடுக்காமல் வெளியே காட்டக் கூடாது என்றாய். அது என்ன சாமான் என்று ஒருவரும் கேட்கவில்லை. பயந்தாங்கொள்ளி என்றார் அவர், வந்திருந்தவர்கள் காதுபட. நீ செருப்பை மாட்டினாய்.

நேற்று மாலையில் பிரார்த்தனை முடித்து முன்னறைக்கு வந்தேன். உன் அத்தான் எட்டாவது நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கை இரண்டும் மடியில். திரை நின்றிருந்தது. எத்தனை நேரமாக அப்படி உட்கார்ந்திருந்தாரோ! என்னைப் பார்க்காமலே சொன்னார். "அவன் கையால நிறுத்துறான்னுதான் நானும் இத்தன நாளா நெனச்சேன்." மவுஸைத் தொட்டார். அந்த வரி வந்தது. அது மறைந்த பிறகும் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து முகம் கழுவப் போய்விட்டார்.

இன்று காலை எழுந்ததும் அந்த நிருபருக்குப் போன் செய்தார். நான் அடுப்படியிலிருந்து கேட்டேன். நான் சொன்னது தப்பு, அவன் அப்படிப்பட்டவன் இல்லை என்றார். நிருபர் ஒத்துக்கொள்ளவில்லை போல. முதல் நாள் ஒன்று சொல்கிறீர்கள், மூன்றாம் நாள் ஒன்று சொல்கிறீர்கள், வீட்டு ஆளைக் காப்பாற்ற யாரும் இப்படித்தான் பேசுவார்கள், சனிக்கிழமை ஆட்டம் ஓடி, உங்கள் மச்சினனே ஸ்டாலில் வந்து நின்றால் அந்தப் பேச்சை எழுதாமல் விடுகிறேன் என்றாராம்.

ஆட்டம் போனால் போகட்டும் தம்பி, வேறொன்று செய்துகொள்ளலாம். வேண்டுமென்றே கெடுத்துவிட்டுப் போனவன் என்று உன் பேர் அச்சில் வந்துவிட்டால், இந்தத் தொழிலில் உன்னை நம்பி எவர் எதை ஒப்படைப்பார்கள்? எனக்காகச் செய்த காரியம் உன் தலையில் விடிவதை நான் எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பேன்? நீ வந்தாலும் வராவிட்டாலும் சனிக்கிழமை அந்தக் கேமரா முன்னால் நானே போய் நின்று, இது எனக்காக வைத்தது என்று சொல்லப் போகிறேன். ஆனால் நான் சொன்னால் அது அக்கா பேச்சு. நீ வந்து நின்றால் அதற்கு மேல் யாரும் கேட்க மாட்டார்கள்.

அந்த நிறுத்தத்தைத் தயங்காமல் எடுத்துவிடு. ஊரில் உள்ளவர்கள் எல்லாம் என் பிரார்த்தனை முடியக் காத்திருக்க வேண்டும் என்பது நியாயமில்லை. களஞ்சியம் எரிந்தால் எரியட்டும். மனதை ஒருமைப்படுத்த நான்தான் பழக வேண்டும்.

உன் அத்தான் மன்னிப்புக் கேட்பார் என்று காத்துக்கொண்டிருக்காதே, அந்தச் சொல் அவர் வாயில் வராது. இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தபோது கூரியர் உறையை அவரே கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். உன் விலாசம் ஏற்கெனவே எழுதியிருந்தது, அவர் கையெழுத்தில். நீ தங்கியிருக்கும் அறையின் விலாசம். என்னிடம்கூட அது இல்லை. யாரிடம் கேட்டு, எப்போதிலிருந்து வைத்திருக்கிறாரோ. எழுதி முடித்தாயிற்றா என்று இதோடு மூன்றாம் முறை எட்டிப் பார்த்துவிட்டார்.

வேளைக்குச் சாப்பிடு. உன் தலைக்கு வந்ததெல்லாம் தலைப்பாகையோடு போக வேண்டும் என்று இன்று மாலையும் கேட்பேன். கடவுள் உன்னைக் கைவிடமாட்டார். உன் நாற்காலியில் இன்னும் யாரையும் உட்காரவிடவில்லை.

வருகிறாயா, இல்லையா என்று ஒரு வரி போதும். பதில் சீக்கிரம் போடு.

உன் அக்கா