ஓரம் வெட்டிய நோட்டு

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கை பூச்சி எழுதுகிறேன். நீ நர்ஸ் விடுதியில் வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, சுகமாக இருக்க வேண்டும். இங்கே உடம்புக்கு எல்லோரும் சுகம்தான். இந்தக் கடிதத்தோடு ஒரு பார்சலும் வரும். கடிதத்தை முழுக்கப் படித்த பிறகுதான் அதைப் பிரிக்க வேண்டும். எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் கடைசிப் பக்கத்தை முதலில் படிக்கிறவள் நீ. இந்த ஒரு தடவை மட்டும் வேண்டாம்.

முதலில் வீட்டுச் செய்தி. அம்மா அதே சலவைக்கூடத்தில்தான் இருக்கிறாள். ஆஸ்பத்திரி விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டுப் போட்டு வலது கைக் கட்டைவிரல் இப்போது சரியாக மடங்குவதில்லை. புது விரிப்புக் கட்டு வந்தால், "இது அவ இருக்கிற வார்டுக்குப் போகுமோ" என்று அங்கே கேட்கிறாளாம். உடன் வேலை செய்கிறவர்கள் சிரிக்கிறார்கள் என்று அவளே வந்து சொன்னாள். "அவ இருக்கிற ஆஸ்பத்திரி எங்கயோ இருக்கு, இது நம்ம ஊரு விரிப்பு" என்று அப்பா சொன்னதற்கு, "தெரியும், சும்மாதான் கேட்டேன்" என்றாள்.

அப்பாவை நோட்டுக் கம்பெனியில் தையல் மெஷினிலிருந்து வெட்டு மெஷினுக்கு மாற்றிவிட்டார்கள். "இத்தனை வருஷம் சேர்த்துத் தச்சேன், இப்ப வெட்டுடாங்கறான்" என்கிறார். கையில் பத்து விரலும் இருக்கிறதா என்று தினமும் சாயங்காலம் நான் எண்ணிப் பார்க்கிறேன். அதற்காகவே அவர் ஒரு விரலை மடக்கி வைத்துக்கொண்டு வருகிறார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நாலு நாளாக எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கோபமா, துக்கமா என்று யோசித்துப் பார்த்தேன். இரண்டும் இல்லை. சாப்பாட்டில் முடி கிடந்தால் வருமே, அந்த மாதிரி குமட்டுகிறது.

ஞாயிறு வகுப்பை இப்போதும் சரியா டீச்சர்தான் எடுக்கிறார். ஒவ்வொரு பேச்சின் கடைசியிலும் 'சரியா' போடுகிற அதே டீச்சர். தியான நோட்டும் அப்படியேதான் இருக்கிறது. ஒரு நாளைக்கு ஒரு பக்கம். மேலே அன்றைக்குப் படித்த வேதபகுதி, கீழே மூன்று கேள்விகள். கர்த்தர் என்னோடு என்ன பேசினார், என்னிடம் உள்ள குறை என்ன, இன்று நான் என்ன செய்வேன். "இது நீயும் ஆண்டவரும் மட்டும் தனியா பேசற நேரம், நடுவுல யாருக்கும் இடமில்ல, சரியா" என்று சொல்லிக்கொடுப்பார். ஞாயிற்றுக்கிழமை எல்லா நோட்டையும் வாங்கி அவரே படிப்பார். நாக்கில் விரலைத் தொட்டுத் தொட்டுத்தான் புரட்டுவார். நோட்டு திரும்பி வரும்போது பக்கத்தின் மூலையெல்லாம் நைந்து சுருண்டிருக்கும். நன்றாகத் தியானித்த பக்கத்துக்கு ஒரு காகித நட்சத்திரம் ஒட்டுவார். அதற்கும் அதே நாக்குதான்.

வகுப்பில் முக்கால்வாசிப் பேர் ஏழு நாள் தியானத்தையும் சனிக்கிழமை சாயங்காலம் ஒரே மூச்சில் எழுதுகிறார்கள். ஒவ்வொரு நாளும் எழுதிய மாதிரி தெரிய வேண்டும் என்று பேனாவை மாற்றிக்கொள்வார்கள். ஆர்மோனியக்காரர் மகளிடம் நாலு பேனா இருக்கிறது. "வெள்ளிக்கிழமைன்னா எனக்கு எப்பவும் பச்சை" என்கிறாள். நான் அவர்களைப் பார்த்து மூக்கைச் சுளித்துக்கொண்டிருந்தேன். ஆனால் அக்கா, நான் செய்தது அதைவிட அசிங்கம்.

நான் தினமும் காலையில் உட்கார்ந்துதான் எழுதினேன். ஆனால் என்ன எழுதினால் டீச்சருக்குப் பிடிக்கும் என்று முதலில் யோசிப்பேன். அதை எழுதி முடித்த பிறகு, அதற்குப் பொருத்தமான வசனத்தைப் பைபிளில் தேடுவேன். கடைக்குப் போய் சட்டைக்கு ஏற்ற பட்டன் வாங்குவது மாதிரி. 'என்னிடம் உள்ள குறை' என்ற இடத்தில் அழகான குறையாகப் பார்த்துப் போடுவேன். 'நான் அதிகமாகப் படிப்பதால் பெருமை வந்துவிடுகிறது.' இது மாதிரி. ஒரு நாள் பாவத்துக்காக அழுததாக எழுதிவிட்டேன். எழுதியது வெறுமையாகத் தெரிந்தது. குழாயில் விரலை நனைத்து, மூன்று சொட்டுத் தண்ணீரை எழுத்தின் மேல் வைத்தேன். மை கலங்கி, கண்ணீர் விழுந்த மாதிரியே பரவியது. அதைப் பார்த்து எனக்கே திருப்தியாக இருந்தது. டீச்சர் பக்கத்தில் 'தேவன் உன் கண்ணீரைக் கண்டார்' என்று எழுதி இரண்டு நட்சத்திரம் ஒட்டினார்.

அந்தப் பக்கத்துக்காகத்தான் இந்த வருஷம் முதல் பரிசு எனக்கு என்று முடிவானது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எல்லோர் முன்னாலும் அதை வாசிக்க வேண்டும். சனிக்கிழமை ஒத்திகை முடிந்ததும், நட்சத்திரத் தாள் தீர்ந்துவிட்டது, அலமாரியின் மேல் தட்டில் புதிதாக இருக்கும், எடுத்து வா என்று டீச்சர் அனுப்பினார். நாற்காலி போட்டு ஏறினேன். நட்சத்திரத் தாளுக்குக் கீழே ஒரு நோட்டு இருந்தது. அட்டையில் நீ வரைந்த பாதி ஜன்னல்.

நாற்காலியில் நின்றபடியே பிரித்தேன். ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் சிவப்பு மை, பரீட்சைத்தாள் திருத்துகிற மாதிரி. 'இன்று ஜெபம் செய்தேன். யாரும் கேட்கிற மாதிரி தெரியவில்லை. நாளைக்கும் செய்வேன்' என்று நீ எழுதியிருக்கிறாய். நடுவில் உள்ள வாக்கியத்தை மட்டும் அடிக்கோடிட்டு, ஓரத்தில் 'விசுவாசக் குறைவு' என்று இருந்தது. பைபிளில் சாம்பலில் உட்கார்ந்து கடவுளோடு வழக்காடின மனிதரைப் பற்றி, 'கடைசியில் அவருக்கு வேறு பத்துப் பிள்ளைகள் பிறந்தார்களாம். செத்துப்போன முதல் பத்துப் பேர்?' என்று கேட்டிருக்கிறாய். 'இப்படிக் கேட்கக் கூடாது' என்று சிவப்பு. முதல் பக்கத்தில் பத்துக்கு மூன்று மார்க். அட்டைக்கு உள்பக்கம், 'பெரிய வகுப்புக்கு: எப்படித் தியானிக்கக் கூடாது' என்று எழுதி நாலு தேதிகள். நாலு தடவை பாடம் நடத்தியிருக்கிறார், உன் ஜெபத்தை வைத்து.

மூலைகள் எல்லாம் சுருண்டிருந்தன. நட்சத்திரத் தாளை அவர் கையில் கொடுத்தேன். நோட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். திருட்டு என்று நினைக்கவில்லை. அது உன்னுடையது.

இப்போது நான் எழுத வேண்டியதை எழுதுகிறேன். நாலு நாளாக இதற்குத்தான் சுற்றி வளைத்துக்கொண்டிருக்கிறேன்.

நீ நினைத்துக்கொண்டிருக்கிற மாதிரி, அன்றைக்கு உன் நோட்டை டீச்சரிடம் எடுத்துக் கொடுத்தது அம்மா இல்லை. நான்.

அப்போது நான் ஏழாம் வகுப்பு. வீட்டில் யாராவது ஆழமாகத் தியானிக்கிறார்களா என்று டீச்சர் கேட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. நீ குளிக்கப் போகிற நேரத்தில் அலமாரியில் போர்வைக்கு அடியிலிருந்து உன் நோட்டை எடுத்து எத்தனையோ நாள் படித்திருக்கிறேன். பைபிளை அப்படிப் படிக்கலாம், கடவுளிடம் அப்படிப் பேசலாம் என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது. நான் படித்ததிலேயே நல்ல எழுத்து அது. எல்லோரும் உன்னைத் தூக்கி வைத்துக் கொண்டாடுவார்கள் என்று நினைத்துத்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். இதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதி, எனக்கு ஒரு நட்சத்திரம் வேண்டியிருந்தது. கிடைத்தது. என் பழைய நோட்டில் அந்த ஞாயிறு தேதியில் இன்னும் ஒட்டியிருக்கிறது.

அதற்கு அடுத்த வாரம் சபை மூப்பர்கள் உன்னையும் அம்மாவையும் பின்அறைக்குக் கூப்பிட்டார்கள். 'அம்மாவுக்குச் சபையில் ஒரு குரல், வீட்டில் ஒரு குரல். கடவுளுக்கு எது கேட்கும்?' என்று நீ எழுதியதை அம்மா முன்னாலேயே சத்தமாகப் படித்தார்கள். உன்னை முழங்காலில் நிற்க வைத்து, தலையில் கை வைத்து, உனக்குள் கசப்பின் ஆவி இருக்கிறது என்று ஜெபித்தார்கள். நான் வராந்தாவில் நின்று கேட்டேன். வெளியே வந்து அம்மாவிடம் நீ, "உனக்குத் திருப்தியா" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாய். அப்போதே நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அடுத்த மாதம் நீ நர்ஸ் படிப்புக்குப் போய்விட்டாய். இரண்டு வருஷமாக அப்பாவின் கம்பெனி விலாசத்துக்குத்தான் கடிதம் போடுகிறாய். அதில் அம்மாவைப் பற்றி ஒரு வரி இருக்காது.

ஞாயிற்றுக்கிழமை என்ன நடந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் மேடை ஏறினேன். பக்கத்தைப் பிரித்தேன். "இது கண்ணீர் இல்லை, குழாய்த் தண்ணீர். நான் அழவில்லை" என்றேன். என் அக்கா நோட்டு என்று ஆரம்பிக்கப் போனேன். அதற்குள் டீச்சர் வந்து என் தோளை அணைத்து மைக்கை வாங்கிக்கொண்டார். "பாத்தீங்களா, எவ்வளவு தாழ்மை. தன் குறையைத் தானே ஒத்துக்கிற இந்த மனசுதான் தியானத்தோட கனி, சரியா" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். முன்வரிசையில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அவர்களுடையது நிஜக் கண்ணீர். பரிசாக ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். அதை அட்டைப்பெட்டியோடு கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். அங்கிருந்தும் டிக் டிக் என்கிறது.

திங்கட்கிழமை அப்பாவிடம் நோட்டைக் கொடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஜன்னல் பக்கம் நின்று, ஒரு பக்கம் விடாமல் படித்தார். நான் கொடுத்த விஷயம் தனக்கு முன்பே தெரியும் என்றார். அம்மாவுக்கும் தெரியுமாம். என் நோட்டில் நட்சத்திரத்தின் தேதியைப் பார்த்து அந்த வாரமே கண்டுபிடித்துவிட்டாளாம். உன்னிடம் சொல்லிவிடலாமே என்று அப்பா கேட்டதற்கு, "ஒருத்தி என்மேல கோவமா இருக்கா, இருந்துட்டுப் போகட்டும். அக்கா தங்கச்சி ரெண்டு பேருக்குள்ள எதுக்கு" என்றாளாம். பிறகு, "அவ எழுதினதும் பொய் இல்லையே" என்றாளாம். அக்கா, இப்போது அம்மா சபையில் சத்தமாக ஜெபிப்பதில்லை. எனக்கு அது இவ்வளவு நாள் உறைக்கவே இல்லை.

அப்பா நோட்டை மறுநாள் வேலைக்கு எடுத்துப்போனார். சாயங்காலம் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். நோட்டு ஒரு விரல் அகலம் குறைந்திருந்தது. மார்க் போட்ட பக்கத்தைக் காணோம். ஓரத்தில் இருந்த சிவப்பு மொத்தத்தையும், நைந்த மூலைகளையும் வெட்டு மெஷினில் கொடுத்து எடுத்துவிட்டார். அட்டை புது அட்டை. அந்த ஜன்னலை மட்டும் கத்தரித்து அதன்மேல் ஒட்டியிருக்கிறார். "அழுக்கெல்லாம் ஓரத்துலதான். உள்ள இருக்கிறது அவளோடது" என்றார். அடிக்கோடுகளை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லையாம். சில வரிகளில் உன் கடைசி எழுத்தும் பாதி வெட்டுப்பட்டிருக்கும். அதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னார். அதற்காக மட்டும்தானா என்று கேட்டேன். விரலை மடக்கிக் காட்டினார்.

நான் இப்போது தியான நோட்டு எழுதுவதில்லை. காலையில் தண்ணீர் பிடிக்கிற இடத்தில், வாளி நிறைகிற வரைக்கும் படிக்கிறேன். நாலு வாளிக்கு ஒரு அத்தியாயம் போகிறது. சில சமயம் ஒரே வசனத்தில் நின்றுவிடுகிறேன். வாளி வழிந்து அம்மா கத்துகிறாள். அந்தச் சாம்பல் மனிதரைத்தான் ஆரம்பித்திருக்கிறேன். அவருடைய சிநேகிதர்கள் வந்து ஏழு நாள் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை நல்லவர்கள்தான். வாயைத் திறந்த பிறகுதான் கெட்டார்கள். நானும் உன்னைப் போலக் கடைசிப் பக்கத்தை முதலில் பார்த்துவிட்டேன். கடவுள் கோபித்துக்கொள்வது அந்தச் சிநேகிதர்களிடம்தான். வழக்காடினவர் சரியாகப் பேசினார் என்கிறார். இத்தனை வருஷத்தில் இந்த இடத்தை டீச்சர் எங்களுக்கு நடத்தியதே இல்லை. படித்துவிட்டு எனக்கு அழுகை வரவில்லை. உன் ஞாபகம்தான் வந்தது. வளர்ந்திருக்கிறேனா என்று தெரியவில்லை. பொய் எழுதாமல் இந்தக் கடிதம் இவ்வளவு தூரம் வந்திருக்கிறது, அவ்வளவுதான் சொல்லத் தெரிகிறது.

நோட்டின் கடைசி நாலு பக்கத்தை நான் படிக்கவில்லை. பிரிக்கக் கை போனது. அதனால் அப்பாவிடம் அவற்றை மட்டும் ஊசி நூலால் சேர்த்துத் தைக்கச் சொன்னேன். ஒரு நூலை இழுத்தால் பிரிந்துவிடும்.

என்னை மன்னிக்க வேண்டும் என்று கேட்க எனக்கு வாய் இல்லை. எவ்வளவு திட்ட வேண்டுமோ திட்டி எழுது. இரண்டு பக்கம், பத்துப் பக்கம், எவ்வளவு வேண்டுமானாலும். கம்பெனி விலாசம் வேண்டாம், வீட்டு விலாசத்துக்குப் போடு. உள்ளே முழுக்க எனக்கான திட்டாகவே இருக்கட்டும். உறையின்மேல் மட்டும் அம்மா பெயரை எழுது. தபால்காரர் அந்தப் பெயரைச் சொல்லி வாசலில் கூப்பிட வேண்டும்.

நீ தொடுகிற ஒவ்வொரு நோயாளியையும் உன்னையும் கர்த்தர் தம் கையில் வைத்துக் காக்கட்டும்.

உன் தங்கை,
பூச்சி